வெங்காயத்துக்கு அப்புறம் என்னங்கண்ணா?

கொங்கு நாட்டு ஓட்டல் முதலாளிகளுக்கும், சமையலறையை நடத்துகிற மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் சமையலறையிலிருந்து ஒரு பையன் வேலையை விட்டுப் போனான். பவானிப் பக்கத்துக்காரன், பத்தொன்பது வயது. ஏழு மாதம் இருந்தான். சண்டை இல்லை, சம்பள பாக்கி இல்லை, யாரும் கை நீட்டவில்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், சின்ன வெங்காயக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்டான்: "ஏனுங்கண்ணா, வெங்காயத்துக்கு அப்புறம் என்னங்கண்ணா?"

"பொறு கண்ணு, பாத்துக்கலாம்" என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

இப்போது அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். போனில் பேசினேன். "கைமடி வேலைங்கண்ணா, டெய்லருக்கு உதவியாளு. ஆறு மாசத்துல ஓவர்லாக் மிஷின்ல உக்கார வெக்கறேன்னு சொல்லியிருக்காங்க" என்றான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எங்களிடம் இருந்த ஏழு மாதத்தில் அந்தக் குரலை நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நம் ஊருக்குத் தொழில் கற்றுக்கொடுக்கத் தெரியாமல் இல்லை. திருப்பூரில் கைமடியாகச் சேர்கிற பிள்ளை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காலியாக இருக்கிற மிஷினில் உட்கார்ந்து துண்டுத் துணியில் தைத்துப் பழகும். கோவையில் பீளமேட்டிலும் கணபதியிலும் பட்டறையில் ஹெல்பராகப் போனவர்கள் லேத் பிடித்து, டர்னராகி, சொந்தப் பட்டறை போட்டதை நாமே பார்த்திருக்கிறோம். அங்கெல்லாம் அடுத்த படி எது என்று உள்ளே வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஓட்டல் சமையலறையில் மட்டும் அது யாருக்கும் தெரிவதில்லை. மாஸ்டர் மனது வைத்தால் நடக்கும், இல்லாவிட்டால் இல்லை. மாஸ்டருக்குச் சொந்தக்காரப் பையன் என்றால் ஆறு மாதத்தில் தோசைக்கல். இல்லையென்றால் மூன்று வருடமானாலும் வெங்காயம், காய் நறுக்குகிற கட்டிங்தான்.

நான் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். 1998-ல் ஈரோட்டில் ஒரு கறி ஓட்டலில் சேர்ந்தேன். மாதம் 700 ரூபாய், மூன்று வேளைச் சாப்பாடு, படுக்க மொட்டை மாடி. இரண்டு வருடம் வெங்காயம், பூண்டு, அப்புறம் கிரைண்டர். அங்கே இருந்த மாஸ்டர் கை மணம் உள்ளவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மசாலா கலக்கும் நேரம் வந்தால் எங்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார். "கண்ணு, ரெண்டு கொடம் தண்ணி கொண்டா" என்பார். தொட்டி நிரம்பித்தான் இருக்கும். நான் திரும்பி வரும்போது ஸ்டோர் அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு கலக்கிக்கொண்டிருப்பார். ராத்திரி குப்பையில் கிடக்கிற காகிதப் பொட்டலங்களை எண்ணி, முகர்ந்து பார்த்து, எதில் எத்தனை என்று மனக்கணக்குப் போட்டுத்தான் நான் அந்தக் குழம்பைக் கற்றுக்கொண்டேன்.

ஒரு தடவை அவருக்குக் கடுமையான காய்ச்சல். மூன்று நாள் வரவில்லை. குழம்பு வைக்க யாருக்கும் தெரியாது என்று முதலாளி கறிச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். எனக்கு முக்கால்வாசி தெரியும். ஆனால் தெரியும் என்று சொல்ல பயம். சொன்னால், எப்படிக் கற்றாய் என்று மாஸ்டர் திரும்பி வந்து கேட்பார். ஒரு பையன் தொழில் தெரிந்ததை மறைத்து வைக்க வேண்டியிருந்தது என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆனால் அந்த மாஸ்டரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். இந்த இடத்தில் முதலாளிமார்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். மாஸ்டர் ஏன் கதவைச் சாத்துகிறார்? எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டால், பாதிச் சம்பளத்துக்கு அந்தப் பையனையே நிறுத்திவிட்டுத் தன்னை அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அந்தப் பயம் பொய்யில்லை. அப்படி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஐம்பது வயதில், முட்டி தேய்ந்து, கை முழுக்க எண்ணெய்த் தழும்போடு, அடுத்த ஓட்டல் வாசலில் போய் நிற்பது சாதாரணமில்லை. அவர் கையில் இருக்கிற ஒரே சொத்து அந்த மசாலா அளவு. அதை இலவசமாகக் கொடு என்று கேட்கிற உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

அதனால் நான் முதலில் கேட்பது மாஸ்டருக்காக. ஒரு பையனை ஒரு படி ஏற்றிவிட்டால் அதற்கென்று மாஸ்டருக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். கட்டிங்கில் இருந்தவன் தோசைக்கல்லைத் தனியாகப் பிடிக்கிறான் என்றால், அந்த மாதச் சம்பளத்தோடு ஒரு தொகை. எவ்வளவு என்பது உங்கள் கடையைப் பொறுத்தது. அதைவிட முக்கியம், ஆள் தயாராகிவிட்டான் என்பதற்காக உங்களை அனுப்ப மாட்டேன் என்று அவருக்கு எழுத்தில் கொடுப்பது. அதற்கப்புறம் ஸ்டோர் கதவு தானாகத் திறக்கும்.

இதில் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டால், இப்போது நீங்கள் செலவழிக்கிற பணத்தைப் பாருங்கள். பரோட்டா மாஸ்டருக்கும் பிரியாணி மாஸ்டருக்கும் அட்வான்ஸ் என்று பெரிய தொகையைக் கொடுக்கிறீர்கள். எட்டு மாதம் கழித்து அடுத்த கடைக்காரர் அந்த அட்வான்ஸைத் தீர்த்து அவரைக் கூட்டிக்கொண்டு போகிறார். அவர் தனியாகப் போவதில்லை, தன்னோடு வந்த நாலு பேர் செட்டையும் சேர்த்துக்கொண்டு போகிறார். மறுநாள் காலையில் அடுப்புக்கு முன்னால் ஆள் இல்லை. உங்கள் சமையலறையிலேயே படிப்படியாக வளர்ந்த மூன்று பேர் இருந்தால் அந்தக் காலை வேளை உங்களுக்கு வராது.

வெங்காயம் உரிப்பதும் மாவாட்டுவதும் கீழான வேலை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் சமையலே அதில்தான் நிற்கிறது. பள்ளிபாளையம் சிக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மசாலாத் தூள் கிடையாது. சின்ன வெங்காயம், விதை தட்டிய வர மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், தேங்காய்ச் சில்லு, எண்ணெய், கறி. இவ்வளவுதான். வெங்காயத்தின் பச்சை வாடை எப்போது போகிறது, இனிப்பு எப்போது ஏறுகிறது, இன்னும் அரை நிமிடம் விட்டால் எப்போது கசக்கிறது என்பது தெரிந்தவனுக்கு அந்தக் கறி பாதி கைவந்த மாதிரி. ஏழு மாதம் வெங்காயம் உரித்தவனை ஒரு நாள் வாணலிக்குப் பக்கத்தில் நிறுத்தி, "நீ உரிச்சது என்ன ஆகுதுன்னு பாரு கண்ணு" என்று காட்ட எவ்வளவு நேரமாகும்? இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தை நான் பவானிப் பையனுக்குக் கொடுக்கவில்லை.

கிரைண்டரும் அப்படித்தான். வெட் கிரைண்டரை ஊர் ஊராக அனுப்புகிற கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு, மாவாட்டுகிறவனுக்கு நாம் எதையும் விளக்குவதில்லை. உளுந்துக்கு ஏன் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்த தண்ணீர் தெளிக்க வேண்டும், சூடேறினால் மாவு ஏன் பொங்காது, மார்கழியில் விடியும்வரை மாவு அசையாமல் கிடப்பதும் சித்திரையில் பாத்திரத்தைத் தாண்டி வழிவதும் எதனால், அதற்கேற்ப உப்பையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது, பழைய அரிசிக்கும் புது அரிசிக்கும் தண்ணீர் எவ்வளவு வித்தியாசம். இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் ஆறு மாதத்தில் அவன் டிபன் பகுதியில் பாதியைக் கற்றுவிடுவான். சொல்லாவிட்டால் ஆறு வருடம் சுவிட்சைப் போட்டு நிறுத்திக்கொண்டிருப்பான். வேலை ஒன்றுதான்.

பெரிய ஸ்டார் ஓட்டல்களில் இந்தப் படிகளுக்குப் பெயர் உண்டு. கமி, அதிலேயே மூன்று, இரண்டு, ஒன்று. அப்புறம் டெமி, அதற்கு மேல் செஃப் டி பார்ட்டி, சூ செஃப், எக்ஸிகியூட்டிவ் செஃப். லண்டன் சவாய் ஓட்டலில் 1890-களில் எஸ்காஃபியே என்ற பிரெஞ்சு சமையல்காரர் தன் சமையலறையை ராணுவப் படையைப் போலப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒழுங்குபடுத்தினார். அந்த முறைதான் உலகம் முழுக்கப் பரவியது. நமக்கு அந்தப் பெயர்கள் தேவையில்லை. நம்மிடமே பெயர் இருக்கிறது: கட்டிங், கிரைண்டர், தோசைக்கல், எண்ணெய்ச் சட்டி, சாம்பார் - குழம்பு வைக்கிற சரக்கு. கறி ஓட்டலில் கறி வெட்டு, வறுவல், குழம்பு, பிரியாணி. இருக்கிற பெயரை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் எத்தனை மாதம், அங்கே என்ன தெரிந்தால் அடுத்ததற்குப் போகலாம், போனால் சம்பளம் எவ்வளவு ஏறும் என்று சுவரில் ஒட்ட வேண்டும். ஒரு அட்டை போதும். ஆறு மாதத்துக்கு மேல் யாரும் கட்டிங்கில் மட்டும் இருக்கக் கூடாது என்பது என் கருத்து. மூன்றாவது வருடக் கடைசியில் ஒரு பையன் மாஸ்டர் இல்லாத நாளில் சாம்பாரையும் ரசத்தையும் தனியாக இறக்க வேண்டும். முடியாத காரியமில்லை.

கற்றுக்கொடுக்க நேரம் எங்கே என்பார்கள். காலை ஐந்து மணிக்கு வந்து பதினொன்றுக்குப் போய், திரும்ப நாலு மணிக்கு வந்து ராத்திரி பதினொன்றுவரை நிற்கிற பிரேக் ஷிஃப்டில் பையன்கள் தூங்குவதே அபூர்வம், உண்மைதான். உணவு நிறுவனங்களுக்கென்று 1958-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. வேலை நேர வரம்பும் வார விடுமுறையும் அதில் இருக்கின்றன. அதை முதலில் மதிப்போம். தூங்காத கண்ணுக்கு எதைக் காட்டினாலும் ஏறாது. அப்புறம், புரட்டாசி என்று ஒரு மாதம் இருக்கிறதே! கறி ஓட்டல்களில் பாதி மேசை காலியாகக் கிடக்கும் அந்த நாட்களில், ஆட்களை லீவில் அனுப்பாமல் ஒவ்வொருவரையும் இடம் மாற்றி நிறுத்துங்கள். கட்டிங்கில் இருப்பவன் வறுவலுக்கு, வறுவலில் இருப்பவன் குழம்புக்கு. தவறு செய்தாலும் வீணாவது அரைக் கிலோ கறி. அதை வைகாசி முகூர்த்தக் கூட்டத்தில் கற்றுக்கொடுக்க முடியாது.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் சமையலறைகளில் பதினைந்து வருடமாகக் காய் நறுக்குகிற அக்காக்கள் இருக்கிறார்கள். அரிசிம்பருப்புச் சோற்றையும் கொள்ளுப் பருப்பையும் செலவு ரசத்தையும் சந்தகையையும் அவர்கள் வீட்டில் வைக்கிற மாதிரி நம் மாஸ்டர்கள் யாரும் வைப்பதில்லை; நானும்தான். 'கொங்கு ஸ்பெஷல்' என்று பலகை வைத்துவிட்டு, அதை உண்மையில் தெரிந்தவரைக் கத்திரிக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறோம். சுவரில் ஒட்டுகிற அட்டையில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும். அடுப்பைக் கொடுங்கள், மாஸ்டர் சம்பளத்தையும் கொடுங்கள். ராத்திரி நேரம் போக வண்டி இல்லை என்றால் பகல் ஷிஃப்டைக் கொடுங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தம்பிகளுக்கும் இதே நியாயம்தான். எங்களிடம் பாத்திரம் கழுவ வந்த ஒடிசாத் தம்பி இன்றைக்குச் சாம்பார் வைக்கிறான், அதில் புளி சரியாக நிற்கிறது. தமிழ் எழுதத் தெரியாது, அளவை அவன் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறான்.

கேட்டரிங் கல்லூரிப் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். மூன்று வருடம் பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகளை நாம் கொத்தமல்லி ஆய வைத்து அனுப்புகிறோம். அவர்கள் இந்தத் தொழிலையே வெறுத்துப் போவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அவர்களை நம் பையன்களோடு ஜோடி சேருங்கள். கல்லூரிப் பிள்ளைக்குக் கணக்கு தெரியும், நம் பையனுக்குக் கை தெரியும்.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. அடுப்பு தெரிந்தால் மட்டும் ஒருவன் மேலே போக முடியாது. 2012-ல் கோவையில் ஒரு முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஒரு பிளேட் வறுவலுக்கு நமக்கு என்ன அடக்கம் ஆகுது மாஸ்டர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பதினான்கு வருடம் சமைத்தவன், எனக்குத் தெரியவில்லை. அவர் நல்லவர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். வாங்கின எடை வேறு, தோலும் காம்பும் போன எடை வேறு, வெந்து இறங்கின எடை வேறு. விலையை எதோடு வகுக்கிறோம் என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது. ஸ்டோருக்கு இன்டென்ட், அதாவது தேவைப் பட்டியல் எழுதுவது, மீதியைக் கணக்கில் கொண்டுவருவது, நாளைய கூட்டத்தை இன்றே மதிப்பிடுவது. இவை தெரியாததால்தான் எத்தனையோ கெட்டிக்காரச் சமையல்காரர்கள் வயதான பிறகும் அதே அடுப்பின் முன்னால் நிற்கிறார்கள். மூன்றாம் வருடப் பையனை வாரம் ஒரு நாள் ஸ்டோரில் நிறுத்துங்கள்.

இன்னொன்று, காகிதம். ஓட்டல் வேலைக்கு அனுபவச் சான்று கொடுக்கும் பழக்கம் நம்மிடையே ரொம்பக் குறைவு. எனக்கு மஸ்கட்டில் ஒரு வேலை கிடைக்கும் நிலையில் இருந்தது. நான்கு வருடம் வேலை செய்த இடத்தில் ஒரு கடிதம் கேட்டேன். "நீ போறதுக்கு நானே கடுதாசி எழுதணுமா?" என்று கேட்டார் அந்த முதலாளி. வேலை கை நழுவியது. அந்த நான்கு வருடம் என் வாழ்க்கையில் நடந்ததற்கு இன்றுவரை ஆதாரம் இல்லை. தயவுசெய்து அந்தக் கடிதத்தை மறுக்காதீர்கள். போகிறவன் எப்படியும் போவான். மரியாதையாக அனுப்பினால் அவன் தம்பியை உங்களிடம் அனுப்பி வைப்பான்.

அரசாங்கம் வைத்திருக்கிற வழிகளையும் நாம் பயன்படுத்துவதில்லை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் பட்டறைகளுக்கும் மில்களுக்கும் மட்டுமானது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 2019-ல் திருத்திய விதிப்படி, 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற நிறுவனங்கள் தங்கள் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம்வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். நான்கு பேர் முதல் இருக்கிற சின்னக் கடைகளும் விரும்பினால் எடுக்கலாம். உணவு தயாரிப்பு என்பது ஐடிஐ-யில் ஒரு தொழிற்பிரிவாகவே இருக்கிறது. பழகி முடித்தவனுக்குச் சான்றிதழ் கிடைக்கும். ஏற்கெனவே பத்து வருடம் சமைத்தும் கையில் காகிதம் இல்லாதவர்களுக்கு, தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்று கொடுக்கிற திட்டமும் மத்திய அரசிடம் உண்டு. அப்புறம் உணவுப் பாதுகாப்புத் துறையின் ஃபாஸ்டாக் (FoSTaC) பயிற்சி, உணவைச் சுத்தமாகக் கையாளக் கற்றுத்தருவது. உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் அந்தப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அதற்கு நாம் யாரை அனுப்புகிறோம்? மேனேஜரை, இல்லாவிட்டால் கல்லாவில் இருப்பவரை. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவில் குழம்பை வைத்தால் கிருமி பெருகும் என்பது கல்லாவுக்குத் தெரிந்து என்ன ஆகப் போகிறது? ராத்திரி குழம்பை ஆற வைத்து உள்ளே எடுத்து வைக்கிற பையனை அனுப்புங்கள். அவன் பெயரில் ஒரு சான்றிதழ் வரும். அதை அவன் அம்மா வீட்டுச் சுவரில் மாட்டுவார்.

இதைப் படிக்கிற தம்பிகள், தங்கச்சிகள் யாராவது இருந்தால் உங்களுக்கும் ஒரு சொல். ஆயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று நாலு மாதத்துக்கு ஒரு கடை மாறாதீர்கள். ஒரு இடத்தில் ஒரு வருடச் சுற்றாவது இருந்தால்தான் மார்கழி மாவையும் சித்திரை மாவையும் பார்த்திருப்பீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அளவுகளை எழுதி வையுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பவானிப் பையன் கேட்டான், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

அவன் போன பிறகு எங்கள் முதலாளியிடம் உட்கார்ந்து பேசினேன். இரண்டு மணி நேரம் பேசினோம். கடைசியில், "எழுதுங்க மாஸ்டர், செஞ்சு பாத்துரலாம்" என்றார். அட்டை எழுதி ஸ்டோர் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். பதினோரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, இப்போது எங்கே, அடுத்து எங்கே, எந்த மாதம். கறிக்குழம்பு மசாலாவின் அளவை என் கையாலேயே எழுதி அதே இடத்தில் மாட்டிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை கிரைண்டரில் இருக்கிற தம்பி தோசைக்கல்லுக்கு வருகிறான். காய் நறுக்குகிற அக்கா வியாழக்கிழமைகளில் அரிசிம்பருப்பு வைக்கப் போகிறார். பவானியில் அந்தப் பையன் வீட்டுக்கும் போன் செய்து சொன்னேன். அவன் அம்மாதான் எடுத்தார். பையன் லீவுக்கு வரும்போது கடைப் பக்கம் ஒரு நடை வரச் சொல்லியிருக்கிறேன். அவன் இடம் அந்த அட்டையில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு மாஸ்டர்